அரை மாத்திரை

என் மனைவிக்கு நடுக்கவாதம் வந்து ஆறு ஆண்டுகளும் நான்கு மாதங்களும் ஆகின்றன. நான் கம்ப்யூட்டர் கையேட்டுப் பக்கங்களைப் பார்த்துக்கொள்ளத் தொடங்கிப் பதினோரு ஆண்டுகள். இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை என்றுதான் இருந்தேன். போன மழைக்காலத்தில் எனக்குக் குடலிறக்கத்துக்கு அறுவை சிகிச்சை என்று முடிவானபோது, நானாகவே இரண்டையும் கொண்டுபோய் முடிச்சுப் போட்டேன்.

முதலில் அந்த வேலையைச் சொல்லிவிடுகிறேன். தொலைபேசித் துறையில் முப்பத்திரண்டு ஆண்டுகள் இருந்தேன். அதில் கடைசிப் பதினான்கு ஆண்டுகள் கம்ப்யூட்டர் அறை. அங்கே யூனிக்ஸ் ஓடியது. யூனிக்ஸில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. எந்தக் கட்டளையில் சந்தேகம் வந்தாலும், ‘மேன்’ என்று அடித்து, ஓர் இடம் விட்டு, அந்தக் கட்டளையின் பெயரை அடித்தால் அதற்கான கையேட்டுப் பக்கம் திரையில் வந்து நிற்கும். பெயர், பயன்படுத்தும் விதம், விளக்கம், எழுதியவர், கடைசியில் பிழைகள். ‘பிழைகள்’ என்று அவர்களாகவே ஒரு தலைப்பு வைத்திருந்தது எனக்குப் பிடித்துப்போயிற்று. ஓய்வு பெற்ற பிறகு, ஃபைல்களை ஒழுங்குபடுத்தும் ஓர் இலவச நிரல் தொகுப்புக்குப் பக்கங்களைப் பார்த்துக்கொள்ள ஆள் தேவை என்று அறிவிப்பு கண்டு எழுதிப் போட்டேன். மொத்தம் முப்பத்தெட்டு நிரல்கள், முப்பத்தெட்டுப் பக்கங்கள். சம்பளம் இல்லை. அரூரில் எங்கள் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து இதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன்.

இந்தப் பக்கங்களை எழுத ஒரு பழைய முறை இருக்கிறது. வாசகத்தைச் சாதாரணமாகவே எழுதிக்கொண்டு போகலாம். இங்கே தலைப்பு, இங்கே புதிய பத்தி, இங்கே தடித்த எழுத்து என்று சொல்வதற்கு மட்டும், வரியின் தொடக்கத்தில் ஒரு புள்ளி வைத்து இரண்டொரு எழுத்தில் கட்டளை எழுத வேண்டும். இந்தச் சுருக்கக் கட்டளைக்கு மேக்ரோ என்று பெயர். புள்ளியில் தொடங்கும் வரி இயந்திரத்துக்கு உரியது. அது திரையிலும் வராது, தாளிலும் வராது. இயந்திரத்துக்கு அந்தக் கட்டளை புரியாவிட்டால் அது கேள்வி கேட்பதில்லை. வரியை விழுங்கிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடும்.

யூனிக்ஸில் புள்ளியில் தொடங்கும் பெயர்கொண்ட ஃபைல்கள் நிறைய. அப்படி ஒரு பெயர் தற்செயலாக வரியின் முதலில் வந்து விழுந்தால் அந்த வரியே காணாமல் போகும். பிறர் எழுதிய பக்கங்களில் இப்படித் தொலைந்த வரிகள் பதினேழைக் கண்டுபிடித்து எழுதியவர்களுக்குத் தகவல் கொடுத்திருக்கிறேன். கொஞ்சம் கடுமையாகவே கொடுத்திருக்கிறேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நிரல்களை எழுதுகிறவர் வெளிநாட்டில் இருக்கிறார். நான் பார்த்ததில்லை. ஒரு முறை, பக்கத்தில் இருப்பது ஒன்று, நிரல் செய்வது வேறொன்று என்று புகார் வந்தது. எதைத் திருத்துவது என்று எங்கள் இருவருக்கும் நான்கு நாள் கடிதப் போக்குவரத்து. கடைசியில் நான் எழுதினேன்: பக்கமும் நிரலும் மாறுபட்டால் முதலில் நிரலை ஓட்டிப் பார்க்க வேண்டும். ஓடுவது அதுதான். பக்கம் அதைப் பற்றிய பேச்சு மட்டுமே. அவர் அதைத் தொகுப்பின் விதிகளில் ஆறாவதாகச் சேர்த்துக்கொண்டார். அதில் எனக்குப் பெருமை உண்டு.

என் மனைவி அரூரைச் சுற்றியுள்ள ஊர்களில் இருபத்தெட்டு ஆண்டுகள் தமிழாசிரியையாக இருந்தவள். கல்யாணம் ஆன புதிதில் கேலியாக டீச்சர் என்று கூப்பிட ஆரம்பித்து, அதுவே நின்றுவிட்டது. நடுக்கவாதம் என்றால் கை நடுங்குவது மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். நடுக்கம் பெரிதில்லை. நின்றுபோவதுதான் கொடுமை. மாத்திரையின் வேகம் இறங்கும் நேரத்தில் கால் தரையில் ஒட்டிக்கொள்ளும். எங்கள் சமையலறையிலிருந்து முன்னறைக்குப் பதினான்கு எட்டு. மாத்திரை வேலை செய்யும்போது பதினான்கிலேயே வந்துவிடுவாள். இறங்கும்போது சின்னச் சின்னதாக முப்பது, நாற்பது எட்டுகள். பிறகு கதவு நிலையைப் பார்த்ததும் நின்றுவிடுவாள். அப்போது தள்ளினாலும் விழுவாள், இழுத்தாலும் விழுவாள். நான் எதிரே நின்று ஒன்று, இரண்டு என்று எண்ண வேண்டும். எண்ணிக்கையைப் பிடித்துக்கொண்டு கால் நகரும். படிக்கட்டு, பஸ்ஸில் ஏறும் ஆட்கள், இட்லி எல்லாவற்றையும் நான் எண்ணுவதை நாற்பது வருடம் கேலி செய்தவள் அவள். டாக்டரே எண்ணச் சொன்ன அன்று, “கடசீல ஒரு வேலைக்கு ஆச்சு” என்றாள்.

அறுவை சிகிச்சை சேலத்தில். ஐந்து நாள் அங்கே இருக்க வேண்டும் என்றார்கள். மகள் வெளிநாட்டில் இருக்கிறாள், உடனே வர வழியில்லை. என்னுடன் ஆஸ்பத்திரியில் இருக்க என் தம்பி ஒப்புக்கொண்டான். மனைவியுடன் வீட்டில் இருக்க, பாலக்கோட்டிலிருந்து அவள் தங்கை வருவதாகச் சொன்னாள். தக்காளித் தோட்டக்காரி. காய் பறிக்கிற சமயம். அதை விட்டுவிட்டு வருகிறாள் என்றால் அது பெரிய விஷயம். ஆனால் அவள் இதற்கு முன் அக்காளை ஒரு நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டதில்லை. எனக்கு மூன்று நாள் சரியாகத் தூக்கமில்லை. கடைசியில், எனக்குத் தெரிந்த ஒரே வழியில் இறங்கினேன். என் மனைவிக்கு ஒரு கையேட்டுப் பக்கம் எழுதினேன்.

அதே முறை, அதே மேக்ரோக்கள், தமிழில். காலை ஏழு முதல் மாலை ஏழு வரை இரண்டு மணிக்கு ஒன்றாக ஏழு நேரங்கள். ஒவ்வொரு நேரமும் ஒரு சிறு தலைப்பு, அதன் கீழே செய்ய வேண்டியது. ஏழு மணிக்கு 1.5 மாத்திரை. ஒன்பதுக்கு இட்லி மூன்று, நான்காவது கேட்டால் கொடுக்கவும், வற்புறுத்த வேண்டாம். ஐந்து மணிக்கு ‘ஒன்றும் வேண்டாம்’ என்று எழுதினேன். ஒன்றும் வேண்டாம் என்பதையும் எழுதிவிட்டால் சந்தேகம் வராது அல்லவா. பிழைகள் என்ற தலைப்பின் கீழ் பதினோரு வரி. உப்பு கூடக் கேட்பாள், செருப்பைத் தேடுவாள், டிவியில் சீரியல் ஓடும்போது கூப்பிட்டால் காது கேளாதவள்போல் இருப்பாள், இப்படி. ஒரு முறை பக்கத்து வீட்டு அம்மாவிடம், மாத்திரை போட்டாகிவிட்டது என்று போடாமலேயே சொல்லியிருக்கிறாள். அந்த ஞாபகத்தில், பக்கத்தின் மேலே தடித்த எழுத்தில் ஒரு வரி சேர்த்தேன்: ‘நோயாளி என்ன சொன்னாலும் இந்தத் தாளில் உள்ளதே சரி.’

தமிழ் எழுத்துகளைக் கண்டதும் இயந்திரம் எச்சரிக்கைகளைக் கொட்டியது. நூற்றுப் பன்னிரண்டு. எல்லாம் எழுத்தின் அகலம் பற்றிய முணுமுணுப்புதான். எரிச்சலில் எச்சரிக்கைகளையே மூடிவிட்டேன். அச்சடித்த தாளைக் கையில் எடுத்து நேரங்களை எண்ணினேன். ஏழு நேரம், ஏழு தலைப்பு. கணக்கு சரி.

ஞாயிறு சாயங்காலம் தங்கை வந்தாள், ஒரு பை தக்காளியோடு. தாளை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள்.

“பூச்சி மருந்து டப்பாவுலகூட இவ்வளவு எழுத மாட்டாங்களே மாமா.”

“வாயால சொன்னா மறந்துபோகும். இதும்படியே செஞ்சீனா போதும்.”

“செய்யறனுங்க. டப்பாவுல போட்டபடி அடிக்கலீனா செடி கருகிப்போயிருமுங்களே.”

“உங்கக்கா செடியாடி உனக்கு” என்று கட்டிலிலிருந்து என் மனைவி தன்னையே யாரோபோலச் சொல்லிக்கொண்டாள். தங்கை சிரித்துவிட்டாள்.

மாத்திரைப் பெட்டியை எட்டாத அலமாரியில் வைத்தேன். அட்டையிலிருந்து மாத்திரையைப் பிதுக்கி எடுக்க அவள் விரல்களுக்கு எப்படியும் முடியாது. திங்கட்கிழமை காலை ஏழு மணி மாத்திரையை நானே கொடுத்தேன். மீதி முப்பது. எண்ணி வைத்துவிட்டு சேலம் பஸ் ஏறினேன்.

அன்று சாயங்காலம் போன் செய்தபோது, நல்லாருக்கேன் என்றாள் மனைவி. செவ்வாய்க்கிழமை எனக்கு அறுவை. தம்பி பேசியிருக்கிறான், நல்லா இருக்காங்களாம் என்றான். புதன்கிழமை காலை, வயிற்றில் ஆறு தையலோடு, தலையணையில் சாய்ந்துகொண்டு நானே வீட்டுக்குப் போன் போட்டேன். தங்கைதான் எடுத்தாள்.

“மாத்திரை எத்தன இருக்குதுன்னு எண்ணிச் சொல்லும்மா.”

“ஆபரேசன் ஆயி ஒரு நாளுதானே ஆச்சு. எண்றதுக்கு அங்க வேற ஒண்ணும் கெடைக்கலீங்களா மாமா?”

“எண்ணும்மா.”

அட்டைகள் சரசரக்கும் சத்தம் கேட்டது. “ரெண்டு அட்ட முழுசா. அப்பறம் மூணு. இருவத்தி மூணுங்க.”

“இருவத்தி ரெண்டுதான் இருக்கோணும்.”

“கூட இருந்தா நல்லதுதானுங்களே.”

“கூட இருந்தா அவ வயித்துக்குள்ள ஒண்ணு கொறைவா போயிருக்குதுன்னு அர்த்தம். காயிதத்தப் படி. மொதல்லருந்து.”

அவள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைபோல நிறுத்தி நிறுத்திப் படித்தாள். “காலை ஏழு மணி. ஒண்ணு புள்ளி அஞ்சு மாத்திரை. ஒம்போது மணி. இட்லி மூணு. நாலாவது கேட்டால் கொடுக்கவும், வற்புறுத்த வேண்டாம். பதினோரு மணி. ஒரு மணி. சோறு, ரசம்…”

“இரு. பதினோரு மணிக்கு என்ன?”

“ஒண்ணுமில்லீங்க.”

“ஒண்ணுமில்லைன்னு போட்டுருக்குதா?”

“இல்லீங்க, ஒண்ணுமே போடல. அஞ்சு மணிக்கு ‘ஒன்றும் வேண்டாம்’னு போட்டுருக்கறீங்க. பதினோரு மணிக்கு அதுகூட வேண்டாமாட்டருக்குதுன்னு நெனச்சுக்கிட்டனுங்க.”

நான் எழுதியிருந்தது என் கண்ணுக்கு முன்னால் வந்தது. தொலைபேசித் துறையில் அறிக்கைக் கட்டங்கள் குறுகலானவை. பூஜ்யத்துக்கு இடம் கிடையாது. அரையை நாங்கள் புள்ளி ஐந்து என்றே போடுவோம். அந்தப் பழக்கம் விரலில் நின்றுவிட்டது. பதினோரு மணி என்ற தலைப்புக்குக் கீழே, வரியின் முதலில், ‘.5 மாத்திரை, தண்ணீருடன். கொடுத்தபின் பத்து நிமிடம் உட்கார வைக்கவும்’ என்று எழுதியிருந்தேன். புள்ளியில் தொடங்கும் வரி. இயந்திரம் ‘5’ என்ற பெயரில் ஒரு மேக்ரோவைத் தேடி, கிடைக்காமல், முழு வரியையும் விழுங்கிவிட்டது. ஏழு மணியின் அரைக்கு முன்னால் ஒன்று இருந்ததால் அது மட்டும் தப்பியிருந்தது. பிறருடைய பதினேழைக் கண்டுபிடித்தவன் போட்ட பதினெட்டாவது.

எதிரே சுவர்க் கடிகாரத்தில் மணி பத்து நாற்பத்திரண்டு. எழுந்திருக்கப் பார்த்தேன். தம்பி தோளைப் பிடித்து அழுத்தினான்.

“பதினோரு மணிக்கு அரை மாத்திரை. இப்பவே ஒடச்சு எடுத்து வெச்சுக்க.”

மறுமுனையில் அட்டையைப் பிதுக்கும் சத்தம் கேட்டது. பிறகு, “அக்கா சொன்னாங்க மாமா” என்றாள். “மொத நாளே கேட்டாங்க, அரை குடுடீன்னு. நாந்தான் குடுக்கல. நோயாளி என்ன சொன்னாலும்னு மேல தடியா போட்டுருக்கறீங்களே.”

“ஏதாச்சும் ஆச்சா?”

“ரெண்டு நாளும் பன்னெண்டு மணிக்கு நின்னுபோயிட்டாங்க. நேத்து சமையக்கட்டு நெலையப் புடிச்சிக்கிட்டு முக்கா மணி நேரம். நானும் கூடவே புடிச்சிக்கிட்டு நின்னேன். உழுவலீங்க மாமா. உழுவ வுடல.”

“எனக்கு ஏன் சொல்லல?”

“போன் பண்றேன்னுதான் சொன்னேன். ஆபரேசனுக்குப் போயிருக்கற மனுசனுக்கு ரத்தக்கொதிப்பு ஏறிப்போயிரும், வுடுன்னுட்டாங்க. காயிதத்துல ஏதோ தப்பு வுழுந்துருக்குது, அவரே எண்ணிக் கண்டுபுடிப்பாரு பாருன்னாங்க.”

போனை அவளிடம் கொடுக்கச் சொன்னேன். மாத்திரை குறைந்தால் முதலில் குரல்தான் சின்னதாகும். போனைக் காதில் அழுத்திக்கொண்டேன்.

“சாப்டீங்களா?” என்றாள்.

“கஞ்சி. எட்டு ஸ்பூன்.”

“ஒம்போதாவது குடிச்சா ஒண்ணும் ஆயிராது.”

“டீச்சர், தப்பு எம்மேல.”

“மணி பத்து அம்பதாவுது. தப்ப அப்பறம் பாத்துக்கலாம். மொதல்ல மாத்திரையப் போடறேன்.”

பன்னிரண்டேகாலுக்கு மறுபடி போன் போட்டேன். சமையலறையிலிருந்து முன்னறைக்குத் தானாகவே நடந்து வந்து எடுத்தாள். எத்தனை எட்டு என்று கேட்டேன். எண்ணவில்லை என்றாள்.

அன்று பகல் முழுக்க ஆஸ்பத்திரிக் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். புள்ளியைப் பற்றி அதிகம் நினைக்கவில்லை. அது எவருக்கும் நேரும். மேலே போட்ட அந்தத் தடித்த வரிதான் உறுத்தியது. முன்பின் பார்த்திராத ஒருவருக்கு, பக்கமும் நிரலும் மாறுபட்டால் நிரலைக் கேள் என்று எழுதியவன் நான். வீட்டில், நாற்பத்தோரு வருடம் கூட இருந்தவளைக் கேட்காதே என்று எழுதி, தடித்த எழுத்துக்கு மேக்ரோவும் போட்டிருக்கிறேன். ஒரு முறை பொய் சொன்னாள் என்பதற்காக. அவள் தன் வாயால் ஓர் அரை மாத்திரையைக் கேட்டுப் பெற முடியாதபடி செய்தது இயந்திரமில்லை.

சனிக்கிழமை வீடு வந்தேன். வயிற்றில் பெல்ட். வாசலில் இருந்து கட்டில்வரை தம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தேன். தங்கை அன்றே மதியம் கிளம்பினாள்.

“எங்க வூட்டுக்காரரு மூணு தடவ போன் பண்ணிட்டாருங்க. தக்காளியெல்லாம் செடியிலயே பழுக்குதாம்” என்றவள், பையைத் தூக்கிக்கொண்டு என்னிடம் சொன்னாள்: “எனக்குப் பதினோரு மணின்னாலே இப்ப கை தானா அலமாரிக்குப் போவுதுங்க மாமா. இனி வூட்டுக்குப் போயி தக்காளிக்கு அரை குடுக்கப்போறேன்.”

அவள் போன பிறகு தாளை எடுத்தேன். என் மனைவி அதைத் திருத்தி வைத்திருந்தாள், சிவப்புப் பேனாவில். விடைத்தாள் திருத்திய பழைய பேனா இன்னும் வீட்டில் இருக்கிறது. இந்த நோயில் கையெழுத்து சிறுத்துக்கொண்டே போகும். போர்டில் எழுதினால் கடைசி பெஞ்சுக்குத் தெரியும் என்று பேர் வாங்கியவளின் எழுத்து இப்போது எள்ளளவு. பதினோரு மணி என்ற தலைப்புக்குக் கீழே, நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் பார்க்க வேண்டிய அளவில், ‘அரை’ என்று எழுதியிருந்தாள். இரண்டே எழுத்து. அதையும் எண்ணிவிட்டேன். நான் போட்ட ‘.5’-உம் இரண்டுதான். இடம் ஒன்றும் மிச்சமாகவில்லை.

“இத எழுத எவ்வளவு நேரமாச்சு?”

“உங்களுக்கு எதுக்கு அந்தக் கணக்கு” என்றாள். பிறகு அவளே, “ரெண்டு சீரியலு” என்றாள்.

மறுநாள் பக்கத்தைத் திருத்த உட்கார்ந்தேன். எச்சரிக்கைகளைத் திறந்து வைத்து, நூற்றுப் பன்னிரண்டையும் ஒவ்வொன்றாகப் படித்தேன். அறுபத்து நான்காவதில் இருந்தது, ‘5’ என்ற மேக்ரோ இல்லை என்று. இயந்திரம் சொல்லத்தான் சொல்லியிருக்கிறது. அரை என்று எழுத்தில் எழுதினேன். மேலே இருந்த வரியை எடுத்துவிட்டு வேறு எழுதினேன். அச்சடித்து அவளிடம் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தாள் கையில் ஆட ஆட, அவள் சத்தமாகப் படித்தாள்.

“இந்தத் தாளும் இவளும் மாறுபட்டால் இவள் சொல்வதே சரி.” நிறுத்தினாள். “இவளும்னு எழுதலாமா? இருவத்தெட்டு வருசம் வாத்தியார் வேல பாத்தவளுக்கு ஒரு மரியாத வேண்டாமா?”

“இவரும்னு மாத்திடறேன்.”

“பிழைகள்னு எம்மேல பதினோரு வரி இன்னும் அப்பிடியே இருக்குதே.”

“எடுத்துடட்டுமா?”

“எடுக்க வேண்டாம், நெசந்தானே. எழுதியவர்னு உங்களப் போட்டுருக்கறீங்க பாருங்க, அதுக்குக் கீழயும் ஒரு பிழைகள் போடுங்க. நான் சொல்லச் சொல்ல எழுதலாம்.”

நான்கு வரி சொன்னாள். எழுதிக்கொண்டேன். அவற்றை இங்கே எழுதப்போவதில்லை. பிறகு தாளின் மூலையில் சிவப்புப் பேனாவால் ஏதோ எழுதப் பார்த்தாள், கை வரவில்லை, வாயால் சொன்னாள். “பத்துக்கு ஒம்போதரை.”

“அரை எதுக்குப் போச்சு?”

“புள்ளி வெச்ச எழுத்துக்கு எத்தன மாத்திரைங்க?”

ஏழாம் வகுப்பில் படித்தது. மெய்யெழுத்துக்கு அரை மாத்திரை. “அரை” என்றேன்.

“அது போச்சு” என்றாள். முகத்தில் சிரிப்பு வருவதற்கும் இப்போதெல்லாம் கொஞ்சம் நேரமாகிறது. வரும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

மணி பதினொன்று ஆனது. பெட்டி இப்போது கைக்கெட்டும் மேசையில் இருக்கிறது. ஒரு மாத்திரையை இரண்டாக உடைத்து ஒரு பாதியை அவள் உள்ளங்கையில் வைத்தேன். பத்து நிமிடம் உட்கார வைத்தேன். பிறகு சமையலறைக்குப் போகலாம் என்று எழுந்தாள். நானும் எழுந்தேன். மாத்திரை இன்னும் முழுதாக ஏறவில்லை, அவளுக்குக் கால் தயங்கியது. நான் எதிரே நின்று பின்பக்கமாக நடந்தபடி எண்ணினேன். கதவு நிலைக்குப் பக்கத்தில் வந்தபோது தையல் சுருக்கென்று இழுத்தது. எட்டு என்றதோடு மூச்சு நின்று, நிலையைப் பிடித்துக்கொண்டேன்.

அவளும் நின்றாள். என் பெல்ட்டைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள்.

“ஒம்போது” என்று, எனக்கு எண்ணினாள்.